நாலாவது ஓலை

திங்கட்கிழமை காலையில் சிநேகா தோசையைத் தொடவில்லை. ரூத் இரண்டாவது தோசையையும் அதே தட்டில் வைத்துவிட்டுப் போனாள். அதையும் தொடவில்லை. மூன்றாவதைக் கல்லிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தபோதுதான் அந்தப் பெண் வாயைத் திறந்தாள். திறந்தது நாஸ்தாவுக்காக அல்ல.

"ஒரே ஒரு கேள்விம்மா. அந்த கவர எழுதுனது நீதான?"

ரூத்தின் கையில் தோசைக் கரண்டி அப்படியே நின்றது. பீரோக் கண்ணாடி முன்னால் தலை சீவிக்கொண்டிருந்த ஜெபசிங்கின் கையில் சீப்பும் நின்றது.

"சொல்லும்மா! நேத்து சர்ச்சுல நான் கீபோர்டு கிட்டதான குந்திகினு இருந்தேன். செகரட்டரி மேசையில அந்த கவர் கீது. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

"எழுதுனேன்" என்றாள் ரூத்.

"இன்னாத்துக்கும்மா...? நான் இன்னும் முடிவே பண்ணல. அதுக்குள்ள ஊரக் கூட்டி கனடான்னு சொல்லிட்டியே!" அவள் குரல் உடைந்தது. "வேற யாரு பண்ணியிருந்தாலும் தாங்கியிருப்பேன். நீ பண்ணிட்ட பாரு..."

அவர்கள் சர்ச்சில் ஒரு வழக்கம். வீட்டில் நல்லது நடந்தால், ஒரு காணிக்கைக் கவரில் பெயரையும் காரணத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆயர் அதைப் பீடத்தில் நின்று வாசிப்பார். வாசித்துவிட்டால் அது நடந்த மாதிரிதான். அடுத்த ஞாயிறு குடும்பத்தையே முன்னால் கூப்பிட்டு ஜெபம் பண்ணுவார். நேற்று ஆயர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்: "ஜெபசிங் குடும்பத்தார், மகள் சிநேகா மேல்படிப்புக்காகக் கனடா தேசம் செல்வதற்காக ஸ்தோத்திரம்."

சனிக்கிழமை சாயந்திரம் ரூத் எழுதியது 'மகள் சிநேகா மேல்படிப்புக்காக ஸ்தோத்திரம்' என்பது மட்டும்தான். எழுதி, கவரை ஜெபசிங் கையில் கொடுத்திருந்தாள். கனடாவும் இல்லை, தேசமும் இல்லை.

ரூத் புருஷனைப் பார்த்தாள். இருபத்தெட்டு வருஷமாகப் பார்க்கிற முகம்தான். ஆனால் அந்த முகம் இப்போது ஷூவுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தது. அவளுக்கு விளங்கிப் போயிற்று.

ஒரு வார்த்தை போதும். "நான் எழுதல, உங்கப்பன்தான்" என்று சொன்னால் அந்த நிமிஷமே பழி கைமாறிவிடும். ஆனால் இன்னும் மூன்று மாதத்தில் பெண் கடல் தாண்டப் போகிறாள். அப்பனோடு முகம் கொடுத்துப் பேசாமல், நெஞ்சில் ஆத்திரத்தோடு அவள் விமானம் ஏறுவதை ரூத்தால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. என்னை வெறுத்தால் நாலு நாளில் திரும்பி வருவாள், அப்பனை வெறுத்தால் வரமாட்டாள் என்று அந்தத் தாய் கணக்குப் போட்டாள். வாயை மூடிக்கொண்டாள்.

"சரிம்மா. உனக்கு வேண்டியது நடந்துச்சு. அடுத்த திங்கக்கெழம பதில் போடணும். கனடாவுக்கே போறேன்னு போட்டுடறேன். போதுமா?"

தட்டு சுவரோரம் நகர்ந்தது. சிநேகா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஜெபசிங் சாவியை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியேறினான். சிறுசேரி ஆபீஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் வேன் அவனுடையது. அன்றைக்கு வழக்கத்தைவிட இருபது நிமிஷம் முன்னாலேயே கிளம்பியது.

சிநேகா படிக்கப் போகிற படிப்பை அந்தத் தெருவுக்குப் புரியவைக்க ரூத் பட்ட பாடு கொஞ்சமல்ல. டாக்டர் பட்டம் என்றதும் எதிர்வீட்டு ஆராயி, "அப்ப ஊசி போடுவாளா?" என்று கேட்டாள். கம்ப்யூட்டரில் பாட்டு அமைப்பது என்றால், "அதுக்கு சினிமாவுக்குப் போவேண்டிதான, அயல்நாட்டுக்கு இன்னாத்துக்கு?" என்றாள். பாட்டும் இல்லை, வார்த்தையும் இல்லை, வெறும் சத்தங்களைச் சேர்த்து, இழுத்து, நசுக்கி, அடுக்கி அமைக்கிற இசை என்றதும் ஆராயி ரூத்தின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அந்தச் சத்தத்துக்கு இரண்டு நாடுகள் சம்பளம் கொடுத்துக் கூப்பிட்டிருந்தன. ஒன்று கனடா. பெரிய பல்கலைக்கழகம். தலைக்கு மேலும் சுற்றியும் நாற்பது ஸ்பீக்கர் வைத்த அரங்கம். அங்கே ஜெபசிங்கின் அக்கா சலோமி இருக்கிறாள். ரயிலில் இருபது நிமிஷம். இன்னொன்று நார்வே. கடலோரத்தில் ஒரு சின்ன ஊர், சின்ன ஸ்டூடியோ. தெரிந்த முகம் ஒன்றுகூடக் கிடையாது.

சிநேகா பீரோவில் ஒரு தாளை ஒட்டி, நடுவில் கோடு கிழித்து இரண்டு பக்கமும் எழுதிக்கொண்டே வந்தாள். கனடாப் பக்கம் நீளமாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே ஏற்கெனவே படிக்கிற ஒரு பெண்ணிடம் அவள் விசாரித்திருந்தாள். அந்தப் பேராசிரியருக்கு ஒரு பெரிய ஆராய்ச்சி ஓடிக்கொண்டிருக்கிறதாம். வருகிற பிள்ளைகள் எல்லாரும் அவருடைய ஸ்பீக்கர்களுக்கு புரோகிராம் எழுத வேண்டும். சொந்த இசை மிச்ச நேரத்தில்தான். மூன்றாம் வருஷம் அவர் ஓய்வும் பெறுகிறார். நார்வேப் பக்கத்தில் நாலே வரி. கடைசி வரி: 'அவங்க கேட்டாங்க.'

அவர்கள் கேட்டதில்தான் ரூத் வருகிறாள்.

மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் சலவைப் பிரிவில் அவளுக்குப் பதினாலு வருஷ வேலை. விடுதியின் படுக்கை விரிப்புகளும் துண்டுகளும் அவள் கையைத் தாண்டித்தான் போகும். போன வருஷம் சிநேகா ஒரு சின்ன ரெக்கார்டரைக் கொடுத்து, "மிஷின் பக்கத்துல வச்சிட்டு மறந்துடும்மா" என்றாள். ரூத் வைத்தாள். சூப்பர்வைசரிடம் திட்டும் வாங்கினாள். அந்தச் சத்தங்களோடு கடலையும், சவுக்குத் தோப்புக் காற்றையும் சேர்த்து சிநேகா ஒன்பது நிமிஷத்துக்கு ஒரு இசை செய்தாள். அதை வைத்துத்தான் இரண்டு இடத்துக்கும் விண்ணப்பம் போட்டாள்.

ஹெட்ஃபோனை அம்மா காதில் மாட்டி முதல்முறை கேட்கவிட்டபோது, நாலாவது நிமிஷத்தில் ரூத் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஏய்... இது மூணாம் நம்பர் மிஷினு! பிழிஞ்சி முடிச்சி நிக்கும்போது இப்படித்தான் மொனகும். கடைசியில ரெண்டு தட்டு தட்டும் பாரு." சொல்லி வாய் மூடுவதற்குள் தட்டியது. சிநேகா அம்மாவைக் கட்டிக்கொண்டு சிரித்தாள்.

கனடா பேராசிரியர், 'நேர்த்தியான வேலை' என்று ஒரு வரி எழுதியிருந்தார். நார்வேப் பேராசிரியை அம்மாள் எழுதினதை சிநேகா தமிழில் சொன்னாள்: 'நாலாவது நிமிஷத்தில் ஒரு முனகல் வருகிறதே, அதை மூன்று தடவை கேட்டேன். அது என்ன? யார் அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்?'

ரூத் அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பதினாலு வருஷமாக அந்த மிஷின் பக்கத்தில் நிற்கிறாள். யார் நிற்கிறார்கள் என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

ஆனால் பெற்றவள் அல்லவா! மறுநாளே வாய் சும்மா இருக்கவில்லை. "கனடான்னா அத்த கீது. காய்ச்சலு கீச்சலுன்னா ஒரு வாய் கஞ்சி குடுப்பா" என்று சொல்லிவைத்தாள். அந்த ஒரு பேச்சுதான் இப்போது அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிற்று.

செவ்வாயும் புதனும் சிநேகா பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் தானே போய் மொண்டுகொண்டாள். ரூத் ரிசார்ட்டில் விரிப்புகளை மடித்தபடி, மூணாம் நம்பர் மிஷின் முனகி நிற்பதைக் கேட்டாள். கேட்கக் கேட்க அவளுக்குள் பழைய ஞாபகம் ஒன்று எழுந்து வந்தது.

அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்துக் கடிதம் வந்திருந்தது. அதே மாதம் ஜெபசிங் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் சர்ச்சில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், ஆட்சேபனை இருப்பவர்கள் சொல்லலாம் என்று மூன்று முறை கேட்பார்கள். ரூத் அந்தக் கடிதத்தை வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் ஞாயிறு எழ நினைத்தாள். இரண்டாம் ஞாயிறு முன் பெஞ்சைப் பிடித்தாள். மூன்றாம் ஞாயிறு கை நடுங்கியது, அவ்வளவுதான். யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஜெபசிங் கெட்டவனல்ல, குடிக்கமாட்டான், கைநீட்டமாட்டான். ஆனாலும் இருபத்தெட்டு வருஷமாக ஒரு கரும்பலகையைப் பார்த்தால் ரூத் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

புதன்கிழமை நாலு மணிக்கு அவள் வீடு திரும்பியபோது, ஜெபசிங் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். சிநேகா கடற்கரைப் பக்கம் போயிருந்தாள். ரூத் பையைக் கீழே வைக்கவில்லை.

"இன்னாய்யா பண்ணி வச்சிகீற?"

"இன்னா பண்ணேன்..."

"நடிக்காத! அந்த கவர நான்தான உன் கையில குடுத்தேன். கனடான்னு எழுதுனது ஆரு? ஆண்டவரு வந்து எழுதுனாரா?"

ஜெபசிங் வாளியில் துணியைப் போட்டான். ஈரக் கையோடு வேன் படியில் உட்கார்ந்தான். "அக்காகிட்ட சொல்லிட்டேன் ரூத்து. புள்ள உங்கிட்டதான் வரும்னு வாக்கு குடுத்துட்டேன். மாமா செத்ததுலருந்து தனியா கீது. போன வாரம் போன்ல அழுவுது... நான் இன்னா பண்ணுவேன்? நர்ஸ் வேலைக்குன்னு இருபது வயசுல அது கப்பலேறிப் போன அன்னிக்குதான் நம்ம வூட்டுல ரெண்டு வேள அடுப்பு எரிஞ்சுது. இவளுக்கு மொதல் கீபோர்டு ஆரு அனுப்பிச்சாங்க? லேப்டாப்பு ஆரு அனுப்பிச்சாங்க? அந்த நன்றி வேணாவா?"

"உங்கக்காவுக்கு நீ தம்பி. நன்றிய நீ காட்டு. எம்பொண்ண எடுத்து இன்னாத்துக்குய்யா குடுக்கற?"

"உம்பொண்ணா? எனக்கில்லியா?"

"உனக்கும்தான்! அதனாலதான் மூணு நாளா வாய மூடிகினு கீறேன்! பெத்த புள்ள என்ன எதிரி மாரி பாக்குது. ஒரு வாய் தண்ணி எங்கையால வாங்க மாட்டேங்குது. உன் பேரு வெளிய வரக்கூடாதுன்னு எல்லாத்தயும் முழுங்கிகினு கீறேன். ஆனா அவ படிப்ப முழுங்க மாட்டேன். நார்வேல ஒருத்தி எம்பொண்ணு சத்தத்த மூணு தபா கேட்டுகீறா. கனடாவுல அவள ஸ்பீக்கருக்கு ஒயரு மாட்டச் சொல்லுவாங்க. அவளுக்கு எது வேணும்னு உனக்கும் தெரியும்."

ஜெபசிங் தலையைக் குனிந்துகொண்டான். "சபையில வாசிச்சாச்சு. ஆம்பள நான் போயி மாத்திச் சொல்றதா? ஊரு சிரிக்கும்."

"ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம் தரேன். நீ சொல்லு. சொல்லலன்னா நான் சொல்லுவேன்."

"நீயா?" அவன் நிமிர்ந்து பார்த்தான். சர்ச்சில் ஜெபம் சொல்லக்கூட அவள் வாய் திறந்து அவன் கேட்டதில்லை.

"நான்தான்" என்று சொல்லிவிட்டு ரூத் உள்ளே போய் அரிசி களைந்தாள்.

வியாழன், வெள்ளி, சனி போயின. ஜெபசிங் வாய் திறக்கவில்லை. சனிக்கிழமை சிநேகா பீரோவில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்து எடுத்துவிட்டாள். பசை ஒட்டின இடம் மட்டும் நாலு மூலையிலும் தெரிந்தது. ரூத் அதை ஈரத்துணியால் துடைக்கப் போனாள், பிறகு அப்படியே விட்டுவிட்டாள்.

ஞாயிறு வந்தது. சர்ச் நிறைந்திருந்தது. வெளிநாடு போகிற பெண்ணுக்கு ஜெபம் என்றால் வராமல் இருப்பார்களா? கிறிஸ்துமஸ் தவிர வேறு நாளில் சர்ச்சை எட்டிப் பார்க்காத ஆராயிகூட மூன்றாவது பெஞ்சில் இருந்தாள். சிநேகா வழக்கம்போலக் கீபோர்டில் உட்கார்ந்து, சிவந்த கண்ணோடு வாசித்துக்கொண்டிருந்தாள்.

பிரசங்கம் முடிந்தது. ஆயர் காகிதத்தைப் பார்த்தார். "கனடா தேசம் செல்லும் மகள் சிநேகாவுக்காக இப்போது ஜெபிப்போம். குடும்பத்தார் முன்னால் வரலாம்."

ஜெபசிங் எழுந்தான். இரண்டடி வைத்தான். ரூத்தும் எழுந்தாள், ஆனால் நகரவில்லை. முன் பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அதே பெஞ்சு. இந்த முறை கை நடுங்கவில்லை.

"ஐயா, எனக்கு ஆட்சேபனை இருக்குது."

மின்விசிறி சுற்றுகிற சத்தம் தனியாகக் கேட்டது. பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஆயர் கண்ணாடியை இறக்கினார். "இது ஓலை வாசிப்பு இல்லியேம்மா ரூத்து..."

"தெரியும் ஐயா. எனக்கு மூணு ஓல வாசிச்சாங்க. மூணு வாட்டியும் கேட்டாங்க. டீச்சர் டிரெய்னிங் லெட்டர பைபிள்ல வச்சிகினு நான் வாய மூடிகினு குந்திகினு இருந்தேன். இத நான் நாலாவது ஓலையா எடுத்துக்கறேன். இந்த வாட்டி சொல்லிடறேன். எம்பொண்ணு கனடா போவல. எந்த ஊருக்குப் போறதுன்னு அவ வாயால இன்னும் சொல்லல. சொல்றதுக்கு முன்னாடி அந்தக் கவரு வந்துடுச்சி. அது..." அவள் ஒரு கணம் நிறுத்தினாள். புருஷனின் முதுகைப் பார்த்தாள். "அத எழுதுனவ நான். தப்பா எழுதிட்டேன். சபை என்ன மன்னிக்கணும்."

இடைப்பாதை நடுவில் நின்றிருந்த ஜெபசிங்கின் தோள்கள் குலுங்கின. இருபத்தெட்டு வருஷமாக எதுவும் கேட்காதவள், இன்றைக்கும் தனக்காக எதையும் கேட்கவில்லை. அவன் பழியையும் சேர்த்து எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"பொய்!" என்று கத்தினான். "அவ எழுதல! கனடான்னு எழுதுனது நான்! எங்கக்காவுக்கு வாக்கு குடுத்துட்டு, பொண்ண கேக்காம நான்தான் எழுதுனேன். ஒரு வாரமா எம்மேல வரவேண்டிய பழிய அவ சொமந்துகினு கீறா... நான் ஒரு ஆம்பளயா!" துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அந்த இடத்திலேயே முட்டி போட்டான்.

"அம்மா...!"

சிநேகா துள்ளி எழுந்ததில் முழங்கை கீபோர்டில் பட்டு, ரிதம் பொத்தான் அமுங்கிவிட்டது. டும் டக்கா டும் டக்கா என்று டிஸ்கோ தாளம் சர்ச் முழுக்க முழங்கிற்று. அவள் அதை நிறுத்தக்கூட நிற்கவில்லை. பெஞ்சுகளுக்கு நடுவே ஓடிவந்து அம்மாவின் மேல் விழுந்தாள்.

"ஏம்மா சொல்லல... ஏம்மா என்கிட்ட சொல்லல! ஒரு வாரம் உன்ன... உன் கையால ஒரு தோசகூட..."

"அழுவாதடி. உங்கப்பனோட நீ சண்ட போட்டுகினு போவக்கூடாதுன்னுதான்..." ரூத் மகளை இறுக்கிக்கொண்டாள். தாயும் மகளும் அழுதார்கள். ஆராயி அழுதாள். டிஸ்கோ தாளம் அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் செகரட்டரி போய் பிளக்கைப் பிடுங்கினார்.

சிநேகா முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம் போய்க் கையைப் பிடித்துத் தூக்கினாள். "எழுந்திரிப்பா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்" என்றான் ஜெபசிங். எழுந்தான்.

ஆயர் தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்கை நீட்டினார். "சரி மகளே. எந்த தேசம்னு நீயே சொல்லு. நான் அதுக்கே ஜெபம் பண்றேன்."

"நார்வே ஐயா" என்றாள் சிநேகா. அந்தச் சத்தம் எல்லா ஸ்பீக்கரிலும் தெளிவாகக் கேட்டது.

மத்தியானம் சலோமிக்குப் போன் போட்டது ஜெபசிங்தான். எல்லாவற்றையும் சொன்னான். திரையில் அக்கா முன்னால் குனிந்தாள்.

"டேய் தம்பி, நான் அழுதேன்தான். தனியா கீறவ அழக்கூடாதா? அதுக்குன்னு கொழந்தய பார்சல் பண்ணச் சொன்னனா? எனக்குப் புடிச்ச எடத்துக்கா நான் போனேன்? வூட்டுக்காகப் போனேன். அவளாவது அவளுக்காகப் போவட்டும்டா. லீவுல என்ன வந்து பாக்கட்டும், போதும்." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரூத்துகிட்ட குடு போன. இத்தன வருஷத்துல அவ பேசி நான் கேட்டதே இல்ல" என்றாள்.

மறுநாள் திங்கட்கிழமை. ரூத் தோசை ஊற்றினாள். சிநேகா நாலு தின்றுவிட்டு ஐந்தாவதைக் கேட்டாள். தின்றுகொண்டே லேப்டாப்பில் பதில் எழுதினாள். ஜெபசிங் பக்கத்தில் நின்று, புரியாத இங்கிலீஷை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வரேன்னு எழுதிட்டேன்மா. அந்த அம்மா கேட்டாங்களே, அது இன்னா சத்தம்னு... அதுக்கு இன்னா எழுதட்டும்?"

ரூத் வேலைக்குப் போகும் நீலச் சட்டையைப் புடவை மேல் மாட்டிக்கொண்டிருந்தாள். கடைசிப் பொத்தானைப் போட்டு முடித்த பிறகுதான் பேசினாள்.

"மூணாம் நம்பர் மிஷினுன்னு எழுது. பேரிங் தேஞ்சி போயிகீது, அதான் மொனகுதுன்னு எழுது. பக்கத்துல நின்னது எங்கம்மான்னு எழுது. பேரும் போடு. ரூத்து."

சிநேகா எழுதினாள். எழுதி முடித்து, "நீயே அனுப்பும்மா" என்று அம்மாவின் விரலைப் பிடித்துப் பொத்தான் மேல் வைத்தாள். ரூத் அழுத்தினாள். பிறகு சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, ஏழே காலுக்கு வரும் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினாள்.